உங்கள் கோடை, எங்கள் ஆடி: வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு ஒரு திறந்த மடல்

பொதுக் கொள்கை, பொதுச் சுகாதாரம், சமூகப்பணி என்று முதுகலைப் படிப்புகள் நடத்தி, கோடை இன்டர்ன்ஷிப்புக்காக மாணவர்களைத் தமிழ்நாட்டுத் தொண்டு நிறுவனங்களுக்கு அனுப்பி வைக்கும் பேராசிரியர்களுக்கும் அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

இதைத் தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலம் வராததால் இல்லை. பதினான்கு வருடமாக உங்களுக்கு ஆங்கிலத்தில்தான் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். இந்த ஒரு கடிதத்தை மட்டும் நீங்கள் இன்னொருவர் வாயால் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை. உங்கள் துறையில் தமிழ் தெரிந்த பிள்ளை ஒன்றாவது இருக்கும். கூப்பிட்டு உட்கார வைத்துப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளை ஒரு வரியைப் படித்துவிட்டு யோசிக்கும். "இதை எப்படிச் சொல்றது..." என்று இழுக்கும். நீளமான பத்தியைப் படித்துவிட்டு நாலு வார்த்தையில் முடித்துவிடும். எல்லாவற்றையும் சொன்னதா, எதையாவது விழுங்கிவிட்டதா என்று உங்களுக்குச் சந்தேகம் வரும். அந்த இழுவையையும் அந்தச் சந்தேகத்தையும் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அப்புறம், படித்துச் சொன்னதற்கு அந்தப் பிள்ளைக்கு என்ன கொடுப்பீர்கள் என்பதையும் யோசித்து வையுங்கள். பின்னால் அந்தப் பேச்சுக்கு வருகிறேன்.

நான் வேலை செய்வது திண்டுக்கல் மாவட்டத்தில், நத்தம் பக்கம், ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில். மாந்தோப்பும் புளியமரமும் நிறைந்த ஊர்கள். பல வீடுகளில் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும். ரெடிமேட் சட்டை தைப்பது இங்கே வீட்டுத்தொழில். இரவுக் காவலரையும் சேர்த்து அலுவலகத்தில் பதினொரு பேர். மகளிர் குழுக்கள், வளரிளம் பெண்களுக்கு ரத்தசோகைப் பரிசோதனை, பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு, இவைதான் எங்கள் வேலை. வருடத்துக்கு ஒருவரோ இருவரோ வரும் வெளிநாட்டு மாணவர்களைக் கவனித்துக்கொள்வதும் என் தலையில். உங்கள் படிவத்தில் மேற்பார்வையாளர் என்ற இடத்தில் கையெழுத்துப் போடுவது நான்தான்.

உண்மையில் மேற்பார்வை பார்ப்பது நான் இல்லை, அக்கா.

அக்கா எங்கள் களப்பணியாளர். பெயரைப் போடாதே என்று சொல்லிவிட்டார். தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. ஆங்கிலம் முடித்தவர். பேசுகிற ஆங்கிலத்தை உங்கள் மாணவர்களிடம்தான் கற்றுக்கொண்டார், அதனால் அதில் கொஞ்சம் அமெரிக்கா, கொஞ்சம் லண்டன், கொஞ்சம் டென்மார்க் எல்லாம் கலந்திருக்கும். இந்த வட்டாரத்தில் எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டு மாமியார் கடிப்பார் என்று அவருக்குத் தெரியும். இருபத்திரண்டு மகளிர் குழுக்கள் அவர் பொறுப்பு. மாதக் கூட்டம், சேமிப்புக் கணக்கு, வங்கிக்கு அலைவது, குழுவுக்குள் சண்டை வந்தால் பஞ்சாயத்து, எல்லாமே அவர்தான்.

உங்கள் மாணவர் பத்து வாரம் வருகிறார் என்றால், அந்தப் பத்து வாரமும் அக்காவுடையது. இந்தக் கணக்கை உங்களில் யாரும் போட்டதாக எனக்குத் தெரியவில்லை. மாணவருக்கு விமானச் செலவு, தங்குமிடம், தடுப்பூசி, பயணக் காப்பீடு என்று உங்கள் பட்டியல் நீளமாக இருக்கிறது. அக்காவின் ஸ்கூட்டிக்குப் பெட்ரோல்கூட அதில் கிடையாது. காலை எட்டு மணிக்கு மாணவரை ஏற்றிக்கொண்டு கிளம்பினால், மாலை வரை கேள்விகளைத் தமிழாக்கி, பதில்களை ஆங்கிலமாக்கி, இடையில் "கழிப்பறை எங்கே" என்று விசாரித்து, தண்ணீர் பாட்டில் வாங்கி, வெயிலில் தலை சுற்றினால் மோர் வாங்கிக் கொடுத்து, அறையில் கொண்டுபோய் விட்டபிறகுதான் அவருடைய சொந்த வேலை தொடங்கும். இரவு ஏழு மணிக்கு மேல் குழுக் கூட்டத்துக்குப் போவார். பெண்கள் அப்போதுதான் உலை வைத்திருப்பார்கள்.

ஒரு ஜூன் மாதம் இப்படித்தான் ஆனது. ஒரு குழுவின் வங்கிக் கடனைப் புதுப்பிக்க வேண்டும். மேனேஜரைப் பார்க்க அக்கா பகலில் போக வேண்டும். பகலெல்லாம் அக்கா உங்கள் மாணவருடன் இருந்தார். மூன்று வாரம் தள்ளிப்போனது. பள்ளிக்கூடம் திறக்கிற மாதம், ஃபீஸ் கட்ட வேண்டும், நோட்டுப் புத்தகம் வாங்க வேண்டும். அந்தக் குழுவில் மூன்று பேர் வட்டிக்குக் கடன் வாங்கினார்கள். அந்த வட்டியைக் கட்டி முடிக்க அவர்களுக்குத் தீபாவளி வரை ஆனது. அந்த மாணவர் தன் அறிக்கையில் மகளிரின் கடன் சுமையைப் பற்றி நன்றாகவே எழுதியிருந்தார். மூன்று பேரின் சுமைக்குத் தானும் ஒரு காரணம் என்பது அவருக்குத் தெரியாது. நாங்களும் சொல்லவில்லை. விருந்தாளியாக வந்த பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

நீங்கள் கோடை என்று சொல்வது எங்களுக்குக் கோடை இல்லை, அதுவும் ஒரு சிக்கல். எங்கள் கோடை ஏப்ரல், மே. அக்னி நட்சத்திரம் முடிந்து பள்ளிகள் திறக்கும்போது நீங்கள் வருகிறீர்கள். அடுத்து ஆடி. ஊரெங்கும் கோயில் திருவிழா, கூழ், காப்புக்கட்டு. "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பார்கள். ஒரு தூறல் விழுந்தால் மானாவாரி நிலம் வைத்திருப்பவர்கள் வீட்டில் இருக்க மாட்டார்கள். அப்போது ஒரு மணி நேரப் பேட்டிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கச் சொன்னால் அக்கா எங்கே போவார்? உள்ளாட்சியில் பெண்கள் பங்கேற்பு என்று ஒரு மாணவர் வந்தார். மிகவும் கெட்டிக்காரர். ஆகஸ்ட் 13 அன்று விமானம் ஏறிவிட்டார், அவருக்கு வகுப்பு தொடங்குகிறதாம். ஆகஸ்ட் 15 அன்று கிராம சபை.

இனி மொழிபெயர்ப்புக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

உங்கள் கேள்வித்தாள்களில் முதல் கேள்வி பெரும்பாலும் 'ஹவுஸ்ஹோல்ட்' பற்றியது. எத்தனை பேர் இருக்கிறார்கள்? எளிய கேள்விதானே என்று தோன்றும். 'வீடு' என்று கேட்டால் கட்டடத்தைச் சொல்வார்கள். 'குடும்பம்' என்று கேட்டால் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகனையும் கட்டிக்கொடுத்த மகளையும் சேர்த்துச் சொல்வார்கள். ரேஷன் கார்டைக் காட்டச் சொன்னால் இன்னும் வேடிக்கை. தனிக்கார்டு வாங்கிய மூத்த மகன் அதில் இருக்க மாட்டான், ஆனால் அதே முற்றத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பான். இறந்துபோன பாட்டி கார்டில் உயிரோடு இருப்பார். நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரே சமையலறையில் உண்பவர்களை ஒரு குடும்பமாகக் கொள்வது வழக்கம். அக்கா அதைப் படித்துத் தெரிந்துகொண்டவர் இல்லை. ஆனால் அவர் கேட்கும் கேள்வி இது: "எத்தன பேருக்கு உலை வைக்கிறீங்க?"

"அஞ்சு பேருக்கு" என்று பதில் வரும். மாணவர் 5 என்று எழுதிக்கொள்வார். அந்த 5-ஐக் கண்டுபிடித்தது அக்கா. அறிக்கையில் 'உள்ளூர் மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் உதவியுடன்' என்று ஒரு வரி வரும். சில வருடம் அதுவும் வராது.

அடுத்தது, ஐந்து படியில் பதில் சொல்லும் கேள்விகள். முழுமையாக உடன்படுகிறேன், உடன்படுகிறேன், கருத்தில்லை, இப்படி. எங்கள் ஊரில் எதைக் கேட்டாலும் முதல் பதில் "சரிதாங்க". மரியாதைக்குச் சொல்லும் சரிக்கும் மனதாரச் சொல்லும் சரிக்கும் குரலில்தான் வித்தியாசம், அது தாளில் ஏறாது. ஒரு வருடம் அக்கா மடியிலிருந்து ஐந்து புளியங்கொட்டையை எடுத்துத் திண்ணையில் வைத்தார். "எந்த அளவுக்கு ஒத்துக்கிறீங்களோ அந்த அளவுக்கு நகட்டுங்க." விதையோ கூழாங்கல்லோ வைத்துப் பதில் வாங்குவது பங்கேற்பு ஆய்வில் பழைய முறைதான், அக்கா ஏதோ பயிற்சியில் பார்த்திருக்கிறார். அந்த மாணவர் அன்றுதான் அதை முதன்முதலாகப் பார்த்தார். ஆறு மாதம் கழித்து அவர் ஒரு மாநாட்டில் வைத்த சுவரொட்டியின் படத்தை எனக்கு அனுப்பினார். நடுவில் ஐந்து புளியங்கொட்டை. 'நாங்கள் உருவாக்கிய எளிய அளவுகோல்' என்று தலைப்பு. அந்த 'நாங்கள்' என்பதற்குக் கீழே இருந்த நான்கு பெயர்களில் அக்கா பெயர் இல்லை. அக்காவிடம் படத்தைக் காட்டினேன். "கொட்டைய நல்லா போட்டோ புடிச்சிருக்கு" என்றார்.

'உங்கள் வீட்டில் முடிவெடுப்பது யார்?' என்பது எல்லோருக்கும் பிடித்த கேள்வி. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அதைக் கேட்க முடியாது. அக்கா அந்தக் கேள்வி வந்ததும், "ஒரு வா தண்ணி கொடு தாயி" என்று மருமகளோடு உள்ளே போவார். திரும்பி வரும்போது பதில் வந்திருக்கும். மாணவருக்கு அது நேரத்தை வீணாக்குவதாகத் தெரியும். ஒருவர் தன் மதிப்பீட்டுப் படிவத்தில், மொழிபெயர்ப்பாளர் அடிக்கடி வேறு பேச்சில் இறங்கிவிடுகிறார் என்று எழுதியிருந்தார். அதைத் தமிழில் அக்காவுக்குப் படித்துச் சொன்னவள் நான். கொஞ்சம் விழுங்கித்தான் சொன்னேன்.

பேட்டிக்குச் சம்மதம் என்று கையெழுத்து வாங்கும் ஒப்புதல் படிவம் இன்னொரு கதை. உங்கள் ஆய்வு நெறிமுறைக் குழு கேட்கிறது, சரி, கேட்க வேண்டியதுதான். ஆனால் எங்கள் பெண்கள் மைக்ரோ ஃபைனான்ஸ்காரர்களிடம் கையெழுத்துப் போட்டுப் போட்டு அலுத்தவர்கள். தாளை நீட்டினாலே கை பின்னால் போகும். "லோன் எதுவும் எழுதிர மாட்டீங்களே?" என்பார்கள். ஒருமுறை படிவத்தைச் செயலியில் மொழிபெயர்த்துக் கொண்டுவந்திருந்தார் ஒருவர். ஆய்வுக்கு உட்படுபவரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்குப் பாடம் என்றும் பொருள் உண்டல்லவா? 'இந்த ஆய்வில் நீங்கள் ஒரு பாடம்' என்று வந்திருந்தது. வாசித்துக் காட்டியதும் ஒரு பாட்டி, "என்னைய வச்சா பாடம் நடத்தப் போறீக?" என்றார். அவர் சொன்னதும் ஒரு வகையில் சரிதானே.

படிவத்தோடு விஷயம் முடிவதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகள் இருக்கின்றன. மனிதர்களிடம் செய்யும் சுகாதார ஆய்வை இங்குள்ள நெறிமுறைக் குழு பார்க்க வேண்டும். வெளிநாட்டோடு கூட்டாகச் செய்வதென்றால் மத்திய சுகாதார அமைச்சகத்தின் குழுவும் பார்க்க வேண்டும். குழு பார்க்கத் தேவையில்லை என்று உங்கள் ஊரில் வாங்கிய விலக்குக் கடிதம் இங்கே செல்லாது. இதெல்லாம் பத்து வாரத்தில் நடக்கிற காரியமா? ஆகவே ஆய்வு என்ற சொல்லை எடுத்துவிட்டுக் கற்றல் என்று போட்டு அனுப்புகிறீர்கள். கேள்வித்தாள் மட்டும் மாறுவதில்லை.

விசாவும் அப்படித்தான். இன்டர்ன்களுக்கென்றே இந்தியா ஒரு விசாப் பிரிவு வைத்திருக்கிறது. ஆனாலும் ஏப்ரல் கடைசியில், "நேரமில்லை, டூரிஸ்ட் விசாவில் வந்துவிடட்டுமா?" என்று ஒரு மின்னஞ்சல் தவறாமல் வரும். வெளிநாட்டவர் ஒருவர் வந்து தங்கினால், தங்க வைத்தவர் 24 மணி நேரத்துக்குள் அதை அரசிடம் பதிவு செய்ய வேண்டும். ஏதாவது கேள்வி வந்தால் மாணவர் ஊருக்குப் போய்விடுவார். ஸ்டேஷனுக்குப் போய் பெஞ்சில் உட்காருவது நாங்கள்தான்.

இவ்வளவு சொல்வதால் உங்கள் பிள்ளைகள் மேல் கோபம் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலோர் தங்கமான பிள்ளைகள். தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், காய்ச்சலில் படுத்தார்கள், கிளம்பும்போது அழுதார்கள். கனடாவிலிருந்து ஒரு பெண் வந்தாள், ஸ்கார்பரோவில் பிறந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை. "சாப்பிட்டுட்டீங்களோ?" என்று அவள் கேட்ட தமிழில் ஊரே மயங்கிவிட்டது. மாப்பிள்ளை பார்க்கட்டுமா என்று நாலு பேர் என்னிடம் விசாரித்தார்கள். இன்னொரு பெண், அமெரிக்கன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் இந்தியன் ஸ்டடீஸ் மதுரையில் நடத்தும் தமிழ் வகுப்பில் படித்துவிட்டு வந்தவள். முக்கால்வாசி அவளே பேசிக்கொண்டாள். அந்த வருடம்தான் அக்கா முதன்முதலாக ஒரு இன்டர்னோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே, "இந்தக் கேள்வி தப்பு, இதை எடுத்துரு" என்று சொன்னார். மொழிபெயர்க்கும் வேலை இல்லாதபோதுதான் அவருக்கு வாதாட வாய் வந்தது.

எங்களுக்கு மிகவும் பயன்பட்ட இன்டர்ன் யார் தெரியுமா? இந்தியாவுக்கே வராத ஒருவர். 2021, கொரோனா இரண்டாம் அலை. பயணம் ரத்தாகிவிட்டது, வீட்டிலிருந்தே ஏதாவது வேலை கொடுங்கள் என்றார். யாருக்கு அரிசி போய்ச் சேர்ந்தது, எந்த வீட்டில் தனிமைப்படுத்தல், யாருக்கு மாத்திரை என்று நோட்டிலும் துண்டுச்சீட்டிலும் எங்களிடம் கிடந்த பட்டியலைப் போட்டோ எடுத்து அனுப்பினோம். இங்கே இரவு, அங்கே பகல். காலையில் நாங்கள் எழுந்திருக்கும்போது எக்செல் தாள் தயாராக இருக்கும். இன்றைக்கும் ரத்தசோகைப் பரிசோதனைக் கணக்கு அந்தத் தாளில்தான் ஓடுகிறது. அவர் ஒருவரையும் பேட்டி எடுக்கவில்லை. அக்காவின் நாள் ஒன்றைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

அறிக்கைகளைப் பற்றி. அமெரிக்காவில் பொதுச் சுகாதாரப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் குழு, மாணவர் களத்தில் குறைந்தது இரண்டு ஆக்கங்களையாவது செய்து காட்ட வேண்டும், அவை அந்த இடத்துக்குப் பயன்படுவதாக இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறது. நல்ல விதி. எங்கள் அலமாரியிலும் பென்டிரைவிலும் அப்படிப்பட்ட ஆக்கங்கள் நிறைய இருக்கின்றன. எல்லாம் ஆங்கிலம். அடுத்த வருடம் அதே தெருவுக்கு அக்கா போனால், "போன வருஷம் வந்த பிள்ள எங்களப் பத்தி என்ன எழுதுச்சு?" என்று கேட்பார்கள். 1989-இல் தருமபுரியில் ஐ.நா.வின் வேளாண் வளர்ச்சி நிதியமான இஃபாட் உதவியோடு மகளிர் குழுக்கள் தொடங்கியதிலிருந்து தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குக் கேள்வித்தாளோடு ஆட்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். எங்கள் மூத்த குழுவின் தலைவி யாராவது வந்தால் முதலில் கேட்பது, "எந்தப் பேட்டி? அதிகாரம் பத்தியா, கடன் பத்தியா, கக்கூஸ் பத்தியா?" மூன்றுக்கும் அவரிடம் பதில் தயார். பதிலுக்கு என்ன ஆனது என்பதுதான் அவருக்குத் தெரியாது.

ஒரே ஒரு மாணவர் மட்டும் கடைசி வாரம் ஊர் சுற்றப் போகவில்லை. அறிக்கையின் முக்கியமான பக்கங்களை அக்காவோடு உட்கார்ந்து தமிழாக்கினார். குழுக் கூட்டத்தில் அக்கா வாசித்தார். 'இங்குள்ள பெண்களில் பாதிப் பேருக்கு மேல் காலை உணவு உண்பதில்லை' என்ற இடம் வந்ததும் கூட்டத்தில் சலசலப்பு. "யார் சொன்னா? நாங்க நீராகாரம் குடிச்சிட்டுத்தானே வேலைக்குப் போறோம்?" என்றார் ஒருவர். "நீங்க கேட்டது டிபன் சாப்பிட்டீங்களான்னு. டிபனுக்கு இங்க யாரு இட்லி சுடுறா?" என்றார் இன்னொருவர். பழைய சோற்றுத் தண்ணீர், கம்பங்கூழ், முந்தின நாள் குழம்பு எல்லாம் காலையில் வயிற்றுக்குள் போகின்றன. டிபன் என்ற ஒரு சொல்லில் எல்லாம் பட்டியலுக்கு வெளியே நின்றுவிட்டன. அந்தச் சொல்லைப் போட்டது அக்காதான். அவசரத்தில், ஒரு நாளைக்கு எட்டு வீடு முடிக்க வேண்டும் என்ற கணக்கில், வாயில் வந்ததைப் போட்டிருக்கிறார். அக்கா அந்தக் கூட்டத்திலேயே, "என் தப்புதான்" என்றார். மாணவர் அட்டவணையை அடித்துவிட்டு, அடுத்த மூன்று நாள் அந்தக் கேள்வியை மட்டும் திரும்பக் கேட்டுவிட்டுக் கிளம்பினார். எங்களிடம் உள்ள அறிக்கைகளில் நாங்கள் எடுத்துப் பயன்படுத்துவது அது ஒன்றைத்தான். மற்ற அறிக்கைகளில் எத்தனை டிபன் ஒளிந்திருக்கிறதோ.

எங்கள் பக்கத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். வர வேண்டாம் என்று நாங்கள் ஏன் சொல்வதில்லை? ஆண்டறிக்கையின் அட்டையில் வெளிநாட்டு மாணவரின் படம் போட்டால் நிதி கொடுப்பவர்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள். வங்கி மேனேஜர்கூட நாற்காலி போடுகிறார். இயக்குநர்களுக்கு அது பிடிக்கிறது, எனக்கும் பிடித்திருக்கிறது. இங்கே சமூகப்பணி முதுகலை (எம்.எஸ்.டபிள்யூ.) படிக்கும் மாணவிகள் களப்பணிக்காக வாரத்துக்கு இரண்டு நாள் டிபன் பாக்ஸோடு டவுன் பஸ்ஸில் வந்து, பருவம் முழுக்க வேலை செய்துவிட்டுப் போகிறார்கள். அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டாம், உதவித்தொகையும் கிடையாது. எந்த ஆண்டறிக்கையின் அட்டையிலும் அவர்களை நாங்கள் போட்டதில்லை. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. டாக்டர் கோவிந்தப்பா வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது. பயிற்சிக்கென்றே 1992-இல் லைகோ என்று தனி நிறுவனம் வைத்துவிட்டார்கள். அப்படிப்பட்ட பெரிய இடத்துக்கு எழுதியது போன்ற படிவம்தான் எங்களுக்கும் வருகிறது: பயிற்சி ஒருங்கிணைப்பாளர் யார், வாராந்திர மேற்பார்வை எத்தனை மணி நேரம், பணியிட வசதிகள் என்னென்ன? எங்களிடம் இருக்கும் பணியிட வசதி அக்காவின் ஸ்கூட்டியின் பின்சீட்.

சரி, என்னதான் கேட்கிறாய் என்பீர்கள்.

அக்காவின் பத்து வாரத்தைக் கணக்கில் எடுங்கள். மாணவருக்குத் தரும் உதவித்தொகையைப் போலவே, அவரோடு நடக்கும் களப்பணியாளருக்கும் உங்கள் பட்ஜெட்டில் ஒரு வரி இருக்கட்டும். அந்தப் பத்து வாரமும் அக்காவின் இருபத்திரண்டு குழுக்களைப் பார்த்துக்கொள்ள நாங்கள் இன்னொரு ஆளை வைக்க அது போதும். உங்கள் ஊர்ச் செலவோடு ஒப்பிட்டால் அது பெரிய தொகையே இல்லை. பணம் எப்படி வர வேண்டும் என்பதில் சிக்கல் உண்டு, மறைக்கவில்லை. வெளிநாட்டு நன்கொடை வாங்க எஃப்.சி.ஆர்.ஏ. என்ற சட்டத்தின்கீழ் பதிவு வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் டெல்லியில் உள்ள ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளைக் கணக்கு வழியாகத்தான் வர வேண்டும், நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20 ஆகிவிட்டது. வாங்கிய நிதியை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. நன்கொடையாகத் தராமல் சேவைக்கான கட்டணமாகத் தரலாமா என்பதை உங்கள் சட்ட அலுவலகமும் எங்கள் ஆடிட்டரும் உட்கார்ந்து பேசட்டும். மாணவரின் காப்பீட்டுக்கு இருபது பக்கம் எழுதத் தெரிந்த அலுவலகம் இதற்கு இரண்டு பக்கம் எழுதாதா?

அடுத்து, பெயர். அறிக்கையோ கட்டுரையோ சுவரொட்டியோ, அதில் அக்காவின் உழைப்பு இருந்தால், அவர் சம்மதித்தால், அவர் பெயரும் ஆசிரியர் வரிசையில் வர வேண்டும். இந்தக் கடிதத்தில் பெயர் வேண்டாம் என்றவர், அதில் மட்டும் போடச் சொன்னார். முழுப் பெயரும், இனிஷியலோடு.

கடைசி இரண்டு வாரத்தை ஊர் சுற்ற ஒதுக்காமல், எழுதியதைத் தமிழில் திரும்ப வாசிக்க ஒதுக்குங்கள். என்ன வேலைக்கு ஆள் வேண்டும் என்று எங்களை நவம்பரிலேயே கேளுங்கள். அநேகமாக நாங்கள் சொல்வது சலிப்பூட்டும் வேலையாக இருக்கும். பழைய நோட்டைக் கணினியில் ஏற்றுவது, நிதி விண்ணப்பத்தின் ஆங்கிலத்தைத் திருத்துவது, கணக்குத் தாளைச் சரிபார்ப்பது. மாணவருக்கு அது பிடிக்கவில்லையென்றால் வேறு இடம் பார்க்கட்டும், எங்களுக்கு வருத்தமில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, ஆனால் அதை நான் வற்புறுத்தப் போவதில்லை. ஒருமுறை ஒரு பல்கலைக்கழகம் அக்காவைக் கருத்தரங்குக்கு அழைத்தது. சந்தோஷமாக பாஸ்போர்ட் எடுத்தார். விசா நேர்காணலில் சம்பளம் எவ்வளவு என்று கேட்டார்கள். சொன்னார். அதோடு முடிந்துவிட்டது. கட்டிய பணம் திரும்பி வராது என்பது எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. உங்கள் பிள்ளைகள் எங்கள் ஊருக்கு வரும் பாதையும் எங்கள் ஆள் உங்கள் ஊருக்கு வரும் பாதையும் ஒரே அகலத்தில் இல்லை என்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த வருடம் எங்கள் அழைப்புக் கடிதத்தின் வடிவத்தை மாற்றியிருக்கிறோம். வழக்கமாக இயக்குநரும் நானும் கையெழுத்திடுவோம். இனி மூன்றாவதாக அக்காவும் கையெழுத்திடுவார். அவர் போடாவிட்டால் கடிதம் கிளம்பாது. உங்கள் படிவத்தில் மூன்றாவது கையெழுத்துக்கு இடம் இல்லை என்று தெரியும். ஒரு கோடு கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கள ஒருங்கிணைப்பாளர்,
நத்தம் வட்டாரத்துத் தொண்டு நிறுவனம் ஒன்றிலிருந்து

பி.கு.: கடிதத்தை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். டிபன் கதையை எடுக்கச் சொல்வார் என்று நினைத்தேன், எடுக்கச் சொல்லவில்லை. ஒன்றை மட்டும் சேர்க்கச் சொன்னார். வருகிற பிள்ளைகள் மலையேறப் போகிறவர்கள் மாதிரி கணுக்கால் வரை லேஸ் கட்டிய பூட்ஸ் போட்டுக்கொண்டு வருகிறார்கள். வீட்டு வாசலில் அதை அவிழ்க்க ஐந்து நிமிடம், திரும்பக் கட்ட ஐந்து நிமிடம். ஒரு நாளைக்கு எட்டு வீடு. வெயிலில் ஸ்கூட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவர். செருப்புப் போட்டு வரச் சொல்லுங்கள்.